ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்டும் பிரசங்கம்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் அடிக்கடி அந்தத் தட்டிகளைப் பார்க்கிறேன். ஆண்களுக்கு மட்டுமான மூன்று நாள் முகாம், உணவு இலவசம், பொருள்: எதிர்ப்பில் அசையாத தலைவன். உள்ளே போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் நெகேமியாதான். எருசலேமின் இடிந்த அலங்கம், அதைக் கட்ட வந்தவன், கேலி செய்யும் சன்பல்லாத்து, கூடவே தொபியா. ஒரு கையில் வேலை, ஒரு கையில் ஆயுதம். ஓனோ பள்ளத்தாக்குக்குப் பேச வா என்று எதிரிகள் அழைத்தும் இறங்காத உறுதி. கேட்டு முடித்த ஆண்கள் கண்ணீரோடு முழங்காலிடுகிறார்கள்.

இதன் நன்மையை மறுக்க முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மாவட்டம் இது. குடியை விட்டு வீடு திரும்பும் ஒரு ஆணுக்கு, கூட்டாளிகளின் நையாண்டியைத் தாங்கும் தைரியம் வேண்டும். முகாம் அதைத் தருகிறது. மலைக் கிராமத்தில் தனியாளாக ஊழியம் செய்கிறவர் சந்திக்கும் எதிர்ப்பும் கற்பனையல்ல. அவருக்கு நெகேமியா துணை நிற்கட்டும்.

என் ஆட்சேபணை வேறு. இந்தப் பிரசங்கங்கள் நெகேமியா புத்தகத்தின் நான்காம் அதிகாரத்திலிருந்து நேராக ஆறாம் அதிகாரத்துக்குத் தாவுகின்றன. பல வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். தாவல் மட்டும் நிற்கவில்லை.

ஐந்தாம் அதிகாரத்தில் எதிரி வெளியில் இல்லை. அலங்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஜனங்களே, அவர்களுடைய மனைவிமாரும் சேர்ந்து, கூக்குரலிடுகிறார்கள். பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தையும் திராட்சத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், ராஜாவின் வரிக்குக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கிறோம், வாங்கிக்கொள்கிறவர்கள் எங்கள் சொந்தச் சகோதரர்களே என்கிறார்கள். நெகேமியா அவர்களைச் சன்பல்லாத்தின் ஆட்கள் என்று சொல்லவில்லை. வேலையைக் கெடுக்க வந்தவர்கள் என்றும் சொல்லவில்லை. கோபம் பிரபுக்கள் மேல் பாய்கிறது. பெரிய சபை கூட்டுகிறான். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதை எல்லார் முன்னிலும் சொல்லி, நிலங்களைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறான். பன்னிரண்டு வருடம் அதிபதிக்குரிய படியை அவன் தொடவில்லை என்பதும் இங்கேதான் வருகிறது. முழுப் புத்தகத்திலும் தலைமைக்கு இதைவிடக் கடினமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

இதை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சபை போதும். கரும்பு விவசாயி ஒருவர் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, கட்டட நிதியில் கம்பி வாங்கிய ரசீது எங்கே என்று கேட்டார். குரல்கூட உயரவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கம் தொபியாவைப் பற்றி. பாஸ்டர் பெயர் எதுவும் சொல்லவில்லை; எந்த வரிசையைப் பார்த்துப் பேசினார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அன்று திருவிருந்துக்கு அந்த மனிதர் எழுந்து போகவில்லை. சில வாரத்தில் குடும்பமே வருவதை நிறுத்தியது. ரசீது இன்றுவரை வரவில்லை. எதிர்ப்பை ஜெயித்ததாகச் சாட்சி மட்டும் சொல்லப்பட்டது.

கேள்வி கேட்கிறவனையெல்லாம் எதிரியாக்கும் ஒரு கருவியை முகாம்கள் தலைவர்களின் கையில் கொடுக்கின்றன. எருசலேமின் முதல் சபையில் கிரேக்கம் பேசிய விதவைகளுக்குப் பந்தியில் குறை நேர்ந்ததென்று முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் அப்படிச் செய்யவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்களின் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிற்று. அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு முகம் எதிர்த்த பவுலை எந்த முகாம் பிரசங்கி சன்பல்லாத்து என்பார்?

அதுவும் இந்த மண்ணில் ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தாரர்கள் ஆட்சிதான். மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் உழைத்தார்கள். அடகும் கடனும் அடிமைத்தனமும் அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் முன்னால் நின்று முகாம் பிரசங்கிகள் அலங்கத்தை மட்டும் பேசுகிறார்கள்.

இதே மாவட்டத்தின் எறையூரை நினைத்துப் பாருங்கள். தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் இடையே 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே ஜெபமாலை சொல்லுகிறவர்கள். எதிர்ப்பில் அசையாதே என்ற பிரசங்கத்தை அங்கே யாரிடம் சொல்வது? இரண்டு பக்கமும் ஆமென் சொல்லியிருக்கும். அசையாமை தானாக நற்குணம் ஆகிவிடாது. எதில் அசையாமல் நிற்கிறோம் என்பதே கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் முகாம் கேட்க விடுவதில்லை.

நம் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேரே ஓர் உள் எதிர்ப்பாளர்தான். லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதியை விட்டுவைக்கக் கூடாதென்று சக மிஷனரிகளோடு மோதி வெளியேறினார். பண்ருட்டி பக்கம் பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய வேலையை 1860-களில் டேனிஷ் மிஷன் ஏற்றுக்கொண்டது. விட்டுவந்த மிஷனின் கண்ணுக்கு அவர் தொபியாவாகத் தெரிந்திருந்தால் ஆச்சரியமில்லை. அதே டேனிஷ் மிஷனில் இருந்த ஆனி மேரி பீட்டர்சன் காந்தியின் கல்விக் கொள்கையை ஏற்று மிஷனை விட்டு விலகினார். 1921-இல் பரங்கிப்பேட்டையில் அவருடைய பள்ளிக்குக் காந்தி அடிக்கல் நாட்டினார். வெள்ளை அரசையும் சொந்த மிஷனையும் ஒருங்கே எதிர்கொண்ட அவருக்கு, ஆண்களுக்கு மட்டும் என்று தட்டி வைத்த பந்தலில் இடமே இல்லை. எதிர்ப்பைத் தாங்கும் தலைமை ஆண்களுக்கான பாடம் என்று யார் முடிவு செய்தார்கள்? ஐந்தாம் அதிகாரத்தில் மனைவிமாரும் கூக்குரலிட்டார்களே!

முகாம் நடத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ஒவ்வொரு குறைக்கும் காது கொடுத்துக்கொண்டிருந்தால் கர்த்தருடைய வேலை நின்றுவிடும், பிசாசு எதிர்பார்ப்பதே அதுதான். நல்ல மனிதர்களே இதை நம்பிச் சொல்கிறார்கள். அவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டட்டும். ஜனங்களின் கூக்குரலைக் கேட்டு, சபை கூட்டி, பிரபுக்களைக் கடிந்து, அடகு நிலங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்த பிறகும் எருசலேமின் அலங்கம் 52 நாளில் கட்டி முடிந்தது.