தணிதல், ஆறுதல், தீர்தல்

வெம்மையும் வேட்கையும் அடங்குதலைக் குறிக்குந் தமிழ்ச் சொற்களுள் தணிதல், ஆறுதல், தீர்தல் என்னும் மூன்றனையும் ஒருபொருட் கிளவிகளாகக் கொண்டு வேண்டியவாறு மாற்றி எழுதும் வழக்கம் சமய உரைநடையிற் பெருகி வருகின்றது. உலக வழக்கை நோக்கினும் இதன் பொருந்தாமை புலனாம்.

தணிதலாவது மிக்கது குறைதல். 'குரலைத் தணித்துப் பேசினான்' என்புழிக் குரல் இல்லையாயிற்று என்பது பொருளன்று. அதன் மிகுதி அடங்கிற்று என்பதே பொருள். ஆறுதலாவது ஊறுற்றது தன்னியல்பிற்கு மீளுதல். புண் ஆறும், மனம் ஆறும், காய்ச்சிய பால் ஆறும். 'புண் தணிந்தது' என்பாரில்லை. தீர்தலாவது எஞ்சாதொழிதல். கடன் தீர்ந்ததென்றால் ஒரு காசும் நிலுவையில்லை. பசியோ மூன்றனோடும் வரும்; ஆயினும் சிறிது கஞ்சி பருகியவன் பசி தணிந்ததென்பனேயன்றித் தீர்ந்ததென்னான்.

இவ்வேறுபாடு சித்தாந்தத்தில் உயிர்நாடியாவது. 'முத்தியில் ஆணவமலம் தீர்ந்தொழிந்தது' என்று எழுதுவார் உளர். ஆணவம் அநாதி, நித்தப்பொருள், முத்தியினும் அழியாது. அதன் மறைக்குஞ் சத்தியே மடங்குவது. ஆகலின் ஆண்டைக்கு ஏற்ற சொல் தணிதலே. அழியுமெனின் நித்தமென்னுங் கொள்கை வழுப்படும். பிராரத்த வினையோ நுகரத் தீர்வது. ஆகவே மலந் தணியும், வினை தீரும், உயிர் ஆறும் என்பதே முறை.

அற்றேல், தணிந்த மலம் மீண்டு எழாதோவெனின், எழாது. ஞாயிற்றின்முன் இருள் அழிந்ததன்று, ஆயினும் தலையெடுக்க மாட்டாது. முத்தான்மாவின்கண் திருவருட் பேரொளிக்கு மறைதல் இன்மையின், மலத்திற்கும் எழுச்சி இல்லையென்க.

இன்னும் ஒன்று. 'தணி' என்பது தணிந்தது எனத் தன்வினையாகவும், தணித்தது எனப் பிறவினையாகவும் நிற்கும். மலம் சடமாகலின் தானே தணியமாட்டாது; அதனைப் பரிபாகப்படுத்தித் தணிப்பது இறைவனது திரோதான சத்தி. மலந் தணிந்ததென்று வாளா கூறுமிடத்தும் தணித்த கருத்தாவை மறத்தலாகாது.

அருளாளர் பாடல்களில் மலத்தை அறுத்தல், கெடுத்தல் என வருவனவும் அதன் சத்தியை நோக்கியனவே. அவற்றின் சொல்லளவே கொண்டு கொள்கை நாட்டப் புகுதல் பிழையாம். உரையெழுதப் புகுவோர் வினைச்சொல் ஒன்றனைத் தேருமுன் அது பொருளின் அழிவைக் குறிப்பதோ, ஆற்றலின் அடக்கத்தைக் குறிப்பதோ என ஆராய்ந்து எழுதுவாராக. சொல் பிறழின் கொள்கையும் பிறழும்.