திரையில் இடி அமீன்

வரலாற்றில் வாழ்ந்து மறைந்த ஒரு கொடுங்கோலனைத் திரைப்படத்தின் நடுவே நிறுத்துவது எளிய செயலன்று. அவனை அரக்கனாகவே காட்டினால், பார்ப்பவர் 'இவனுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?' என்று நிம்மதியாக எழுந்து சென்றுவிடுவர். மனிதனாகக் காட்டினாலோ, அவனால் மாண்டவர்களின் நினைவு மங்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய பாதையில் நடக்க முயன்ற படம், 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து'. 1971 முதல் 1979 வரை உகாண்டாவை ஆண்ட இடி அமீனைப் பற்றியது அது.

இப்படத்தைப் பிறரைவிடச் சற்றுக் கூடுதலான கவனத்துடன் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. அமீன் முஸ்லிம் பெயர் தாங்கியவர். தம் நீண்ட பட்ட வரிசையில் 'அல்ஹாஜ்' என்பதையும் சேர்த்துக்கொண்டவர். அவரைப் பற்றிப் பேச்செழும் இடங்களில் நம்மவர் சிலர் தலைகுனிகின்றனர். வேறு சிலர் அவருக்காக வாதாட எழுகின்றனர். இரண்டுக்கும் தேவையில்லை என்பதை இப்படத்தின் நிறையும் குறையும் சேர்ந்தே நமக்கு உணர்த்துகின்றன.

கைல்ஸ் ஃபோடன் 1998-இல் எழுதிய நாவலைத் தழுவி, கெவின் மெக்டொனால்ட் இதனை இயக்கினார். கதையை நடத்திச் செல்பவன் நிக்கலஸ் காரிகன் என்னும் ஸ்காட்லாந்து இளைஞன், மருத்துவம் படித்தவன். வீட்டில் சலிப்புற்று, உலக உருண்டையைச் சுழற்றி, கண்ணை மூடி விரல் வைத்த நாட்டுக்குப் புறப்படுகிறான். முதல் முறை விரல் கனடாவில் படுகிறது. அது அவனுக்குச் சுவைக்கவில்லை. மீண்டும் சுழற்றுகிறான், உகாண்டா வருகிறது. ஒரு நாட்டு மக்களின் துயரம் இவனுக்கு வெறும் பொழுதுபோக்காகவே தொடங்குகிறது என்பதை இயக்குநர் ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறார்.

அமீனாக நடித்தவர் ஃபாரஸ்ட் விட்டேக்கர். 2007-இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருது இந்நடிப்புக்காகவே அவருக்குக் கிடைத்தது. விருதுக்குரிய நடிப்புத்தான். ஆயினும் அதன் பெருமை அவர் கண்களை உருட்டி அஞ்சவைப்பதில் இல்லை. நம்மைச் சிரிக்கவைப்பதில் இருக்கிறது. முதற்பாதியில் அமீன் மக்களோடு ஆடுகிறார், வேடிக்கை பேசுகிறார், தம் இராணுவச் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, காரிகன் அணிந்திருந்த 'ஸ்காட்லாந்து' என்றெழுதிய பனியனைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். 'எவ்வளவு வெள்ளை மனம்!' என்று நாமும் மயங்குகிறோம். பின்னர் ஒரு நொடியில் அந்த முகம் இருண்டு, அறையில் உள்ள அனைவரும் மூச்சடக்கி நிற்கும்போது, சற்று முன் நாமும் சேர்ந்து சிரித்தது நினைவுக்கு வந்து உறுத்துகிறது. கொடுங்கோலர்கள் அச்சத்தால் மட்டும் ஆளுவதில்லை. முதலில் அவர்கள் நேசிக்கப்படுகின்றனர். அந்த நேசமே பின்னர் அவர்களுக்குக் கவசமாகிறது.

படத்தின் மிகச் சிறந்த பகுதி எதுவெனக் கேட்டால், இரத்தம் சிந்தும் காட்சிகள் எதையும் நான் சொல்லமாட்டேன். சுகாதார அமைச்சர் வஸ்வா, மது அருந்தும் விடுதியொன்றில் ஓர் அந்நியரோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதைக் காரிகன் காண்கிறான். அதில் ஏதோ சூது இருப்பதாக எண்ணி, அமீனிடம் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான், அமைச்சர் காணாமற்போகிறார். அவர் மீது குற்றமில்லை என்பது பிறகே தெரியவருகிறது. காரிகன் யாரையும் அடிக்கவில்லை, துப்பாக்கி ஏந்தவில்லை, காதில் ஒரு சொல் போட்டான். வீண் சந்தேகமும் துருவித் துருவி ஆராய்வதும் புறம் பேசுவதும் எத்துணைப் பெரிய பாவங்கள் என்று இளமையிலிருந்தே போதிக்கப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் போதனையின் ஆழம், ஆயிரம் பேர் காதில் ஓதும் ஓர் அரசவையைக் கண்டால் இன்னும் தெளிவாகப் புலப்படும்.

இதற்கு இணையான மற்றொரு கட்டம் உண்டு. ஆசியர்களை நாட்டைவிட்டு விரட்டிய பின்னர், உலகம் தம்மை இகழ்வது கண்டு அமீன் காரிகன் மீது பாய்கிறார்: 'நீ எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டாமா?' சொன்னேனே என்கிறான் அவன். சொன்னாய், ஆனால் என்னை இணங்கவைக்கவில்லையே என்கிறார் அமீன். தன் குற்றத்துக்குப் பிறரைப் பொறுப்பாளியாக்கும் கொடுங்கோலனின் தந்திரம் இது என்பது வெளிப்படை. ஆயினும் அதற்குள் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. ஆட்சியாளனின் விருந்தை உண்டு, அவன் தந்த காரில் சென்றுகொண்டே முணுமுணுப்பாகச் சொல்லும் நல்லுரை நல்லுரையாகாது. அநீதி செய்யும் அரசனின் முன்னால் நியாயம் பேசுவதை நம் மார்க்கம் உயர்ந்த அறப்போராக மதிப்பது, அதற்கு விலை கொடுக்க வேண்டியிருப்பதால்தான்.

இனிக் குறைகளுக்கு வருவோம். காரிகன் கற்பனைப் பாத்திரம். கற்பனையில் தவறில்லை, அக்கற்பனை யாருடைய இடத்தைப் பறித்துக்கொள்கிறது என்பதே கேள்வி. அமீனின் மனைவியருள் ஒருவரான கே, 1974-இல் மாண்டார். துண்டிக்கப்பட்ட நிலையில் அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. அவரோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டவர் உகாண்டா நாட்டு மருத்துவர் ஒருவர். அவரும் அப்போதே உயிரிழந்தார். படமோ அந்த மருத்துவரின் இடத்தில் காரிகனை வைத்து, நிகழ்ந்த துயரத்தை அவனுடைய காதற்கதையாக்கிவிடுகிறது. உண்மையில் இறந்தவர் மறைந்துபோகிறார். இல்லாத ஒருவன் பிழைத்து விமானமேறுகிறான்.

இக்குறையைப் படம் தானே ஒப்புக்கொள்வதுபோல் ஓரிடம் உள்ளது. 1976-இல் எண்டெபி விமான நிலையத்தில் பணயக் கைதிகள் வைக்கப்பட்டிருந்த நேரம். சித்திரவதைக்குள்ளான காரிகனை ஜுன்ஜு என்னும் உகாண்டா மருத்துவர் தம் உயிரைப் பணயம் வைத்துத் தப்பவிடுகிறார். நீ சென்று உலகுக்குச் சொல், நீ வெள்ளையன் என்பதால் உன்னை நம்புவார்கள் என்பதே அவர் கூறும் காரணம். அந்த உதவிக்காக அவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். வலிமையான காட்சி, ஆனால் அந்த அநீதியைச் சுட்டிக்காட்டும் படமே அதைச் செய்தும் முடிக்கிறது. ஜுன்ஜுவின் மனைவி மக்கள் யார், அவர் எப்படி அஞ்சி வாழ்ந்தார் என்பவற்றை இரண்டு மணி நேரப் படத்தில் நாம் அறிவதேயில்லை.

இரண்டாவது குறை, அமீன் எங்கிருந்து வந்தார் என்பது. அவர் 1946-இல் பிரிட்டிஷாரின் காலனிப் படையில் சேர்ந்து, அவர்களிடமே அடக்குமுறையைப் பயின்றவர். 1971 ஜனவரி 25-ஆம் நாள், அதிபர் ஒபோட்டே சிங்கப்பூரில் காமன்வெல்த் மாநாட்டுக்குச் சென்றிருந்தபோது ஆட்சியைக் கைப்பற்றினார். அப்போது பிரிட்டனும் இஸ்ரேலும் அவரை மகிழ்ச்சியோடு வரவேற்றன. பிரிட்டிஷ் தூதரக அதிகாரியொருவர் மூலம் படம் இதனைத் தொட்டுச் செல்கிறது, ஆழ்ந்து செல்லவில்லை. ஒரு மனிதனின் பித்துக்குணமே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற எண்ணத்துடன் பார்ப்பவர் வீடு திரும்புகிறார். பித்தன் ஒருவனால் தனியே ஒரு நாட்டைச் சிறைப்படுத்த முடியாது. ஆயுதம் விற்றவர்களும், உளவுப் படையில் சம்பளம் பெற்றவர்களும், விரட்டப்பட்டவர்களின் கடைகளைப் பங்கிட்டுக்கொண்டவர்களும் வேண்டும்.

மூன்றாவதாக, நம்மோடு நேரே தொடர்புடைய செய்தி. தம்மை இஸ்லாத்தின் காவலராக அமீன் காட்டிக்கொண்டார். 1974-இல் உகாண்டா இஸ்லாமிய மாநாட்டு அமைப்பில் சேர்ந்தது. ஆனால் 1972 ஆகஸ்டில் 90 நாள் கெடு விதித்து அவர் விரட்டிய 50,000-க்கும் மேற்பட்ட ஆசியர்களுள் குஜராத்தி இந்துக்களோடும் சீக்கியரோடும் கோவா கிறிஸ்தவரோடும் இஸ்மாயிலிகளும் போராக்களும் சுன்னத் ஜமாஅத்தாரும் இருந்தனர். ஒரே கிப்லாவை நோக்கி நின்றது அவர்களுடைய கடைகளைக் காக்கவில்லை. அவர் ஆட்சியில் தலைமை நீதிபதி பெனடிக்டோ கிவானுக்கா 1972-இலும், ஆர்ச்பிஷப் ஜனானி லுவும் 1977-இலும் கொல்லப்பட்டனர். முன்னாள் அமைச்சரான ஷாபான் நுகுட்டு 1973-இல் கொல்லப்பட்டார். அவர் ஒரு முஸ்லிம். மாண்டோரின் தொகை 80,000 முதல் 3,00,000 வரை மதிப்பிடப்படுகிறது. அந்தக் கணக்கில் எல்லாச் சமயத்தாரும் உண்டு.

பின்கதையும் ஒன்று உண்டு. 1979 ஏப்ரலில் தான்சானியப் படை கம்பாலாவில் நுழைந்தது. அமீன் லிபியாவுக்கு ஓடி, பின்னர் சவூதி அரேபியாவில் அடைக்கலம் பெற்று, 2003-இல் ஜித்தாவில் இறந்தார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை. ஆனால் அவர் தப்பிய அதே 1979-இல், உகாண்டாவின் மேற்குப் பகுதியில் எளிய முஸ்லிம் குடும்பங்கள் பழிவாங்கலுக்கு இரையாயின. அவர் பெயரால் அவர்கள் எதையும் அனுபவித்திருக்கவில்லை. அவர் செய்தவற்றுக்குரிய விலையை மட்டும் அவர்கள் செலுத்தினர். 'நம்மவர்' என்று ஒரு கொடுங்கோலனுக்குத் தோள் கொடுப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் போய்விடுவான், அவன் பெயரைச் சுமந்து தெருவில் நிற்பவர்கள் நம்மைப் போன்றவர்களே.

ஆகவே இப்படம் இஸ்லாத்தின் மீது தொடுக்கப்பட்ட தாக்குதல் என்று சினப்பதற்கு இடமில்லை. அதன் கரு அதிகாரமும் முகத்துதியும்தான். அது சொன்னதே முழு வரலாறு என்று கொள்வதற்கும் இடமில்லை. சித்திரவதையும் வேறு சில காட்சிகளும் இருப்பதால் சிறுவர்களோடு அமர்ந்து பார்க்கத் தக்கதன்று. வளர்ந்த பிள்ளைகளோடு பார்ப்பவர்கள், படம் முடிந்ததும் அமீனைப் பற்றி மட்டும் பேசிக் கலைந்துவிட வேண்டாம். வஸ்வாவைப் பற்றி ஒரு சொல் சொன்னவன் யார், அதைக் கேட்டுச் சிரித்தவர் எவர் என்று கேளுங்கள். கொடுங்கோலனாகும் வாய்ப்பு நம்மில் எவருக்கும் வரப்போவதில்லை. அந்தச் சொல்லைச் சொல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் வரும்.