கேட்டது வேறு, பிடித்தது வேறு

மாதத்தில் ஒரு ஞாயிறு, கோலா குபு பாருவில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஆறு பேர் கூடிப் பாட்டுக் கேட்கிறோம். முதலில் பேசாமல் கேட்பது, பிறகு பேசுவது. வாசகர் வட்டங்களைப் பார்த்து வந்த யோசனைதான். புத்தகத்துக்குப் பதில் பெரும்பாலும் இளையராஜா. ரவாங்கிலிருந்து ஒருவர், பத்தாங் காலியிலிருந்து இருவர், இங்கேயே தாமானில் இருக்கும் ஒரு நண்பர், கெர்லிங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மாமா, நான். பொறியியல் படித்தவன் என்பதால் கருவிகள் என் பொறுப்பு. கூட்டத்தை நடத்துவதும் என் பொறுப்புதான். அந்த இரண்டாவது வேலையில் நான் சறுக்கியதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ரவாங் அண்ணன் ஹை-ரெஸ் பித்தர். மூவாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு டேக் கருவி வாங்கியிருக்கிறார். அவர் கொண்டுவரும் கோப்புகள் எல்லாமே 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். பாட்டு முடிந்ததும் அவர் பேசும் மொழி தனி: திரை விலகிய மாதிரி, காற்று உள்ளே வருகிற மாதிரி, வயலினின் வில்லைத் தொட்டுவிடலாம் போல. நம் சிற்றிதழ்களில் கவிதை மதிப்புரை எழுதுகிறவர்களின் மொழிக்கு இது தூரத்துச் சொந்தம். கேட்க நன்றாக இருக்கும், மறுக்க வழியிருக்காது.

கணக்கு என்ன சொல்கிறது? சாதாரண சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதனால் 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை முழுமையாகப் பிடிக்க முடியும். மனிதக் காதுக்கு உச்சம் 20தான், அதுவும் இளம் வயதில். 16 பிட் என்றால் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடம். எண்பதுகளின் அனலாக் நாடாவில் பதிவான ஒரு பாட்டில், நாடாவின் இரைச்சலே அதற்கு வெகு முன்பாக வந்து நின்றுவிடும். அந்த நாடாவை 24 பிட்டுக்கு மாற்றினால் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் இரைச்சலின் துல்லியமான படம்.

2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை வைத்தார்கள். ஹை-ரெஸ் இசைத்தட்டு ஓடும்போது நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி ஏற்றும் ஒரு கருவியைச் சொருகினார்கள். எப்போது சொருகினார்கள் என்று கேட்பவர் கண்டுபிடிக்க வேண்டும். 554 முறைகளில் 276 சரி. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். 2016இல் ஜோஷ்வா ரீஸ் 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 விழுக்காடு வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது கூடியது. ஆகவே ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இருந்தால் அது மிகச் சின்னது. மேயரும் மோரனும் போகிற போக்கில் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியம்: அந்த ஹை-ரெஸ் தட்டுகள் பெரும்பாலான சிடிக்களைவிட நன்றாகவே ஒலித்தன. காரணம், அவற்றைத் தயாரித்தவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை. எண்ணில் எதுவும் இல்லை.

இதையெல்லாம் நான் கூட்டத்தில் சொல்லவில்லை. அண்ணன் வருத்தப்படுவார் என்று விட்டேன். 'ஒவ்வொருத்தர் ரசனை ஒவ்வொரு மாதிரி' என்று சிரித்துக்கொண்டே தே தாரிக் ஆற்றினேன். மூன்றாவது கூட்டத்தில் அதற்கான விலை தெரிந்தது.

எண்பதுகளின் ஒரு பாட்டு. பெயரைச் சொன்னால் சண்டை அந்தப் பக்கம் போய்விடும், வேண்டாம். அண்ணனின் 24 பிட் கோப்பு ஓடி முடிந்தது. மாமா மெதுவாகச் சொன்னார், "தம்பி, இது அந்தப் பாட்டு இல்ல. பாடுறவரு குரலு கனத்துப் போயிருக்கு. தூக்கத்துல பாடுற மாதிரி இருக்கு."

அண்ணன் விட்டுவைக்கவில்லை. "மாமா, நீங்க இத்தன வருசமா கேட்டது கேசட்டு. ஒங்க காது அதுக்குப் பழகிப்போச்சு. இதுதான் ஒரிஜினல்."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். மாமாவும் கொஞ்சம் சிரித்தார். அடுத்த இரண்டு மாதம் அவர் வரவில்லை. கேட்டால் முட்டி வலி என்றார்.

அவர் வராத ஒரு ஞாயிற்றில்தான் சோதனை வைத்தேன். ஹை-ரெஸ் கோப்பையே எடுத்து நானே சிடி தரத்துக்கு மாற்றினேன். கடையில் வாங்கிய சிடியோடு ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு தயாரிப்பாக இருக்கலாம், அது நியாயமான ஒப்பீடு இல்லை. ஒலியளவையும் சமப்படுத்தினேன். அரை டெசிபெல்கூட இல்லாத வித்தியாசத்தையும் காது 'சத்தம் கூடுதல்' என்று சொல்லாது, 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்லும். கண்ணுக்குத் தெரியாமல் 16 சுற்று. 12 சரியாக வந்தால்தான் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று ஓரளவு நம்பலாம். அண்ணனுக்கு 9. எனக்கு 7. அண்ணன் அன்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அதுவும் என் நடத்தும் திறமைக்குச் சான்று.

கெர்லிங்குக்கு மாமாவைப் பார்க்கப் போனேன். அதே பாட்டின் கேசட்டை எடுத்துப் போட்டார். கோலா சிலாங்கூரில் ஒரு கடையில் பதிந்து வாங்கியதாம். ஒலிப்பதிவு செய்துகொண்டு வந்து அளந்தேன். கேசட்டில் பாட்டின் நீளம் 4 நிமிடம் 20 விநாடி. அண்ணனின் கோப்பில் 4:28. வெட்டு எதுவும் இல்லை, அதே பாட்டு. வேகம் 3 விழுக்காடு வேறு, அதாவது சுருதியில் ஏறக்குறைய அரைக்கால் கட்டை அல்ல, முழுசாக ஓர் அரைச்சுருதியின் பாதி. 'குரலு கனத்துப் போயிருக்கு' என்றால் இதுதான். எங்கள் ஆறு பேரில் உண்மையாகவே ஒரு வித்தியாசத்தைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இதில் அவர் முழுக்கச் சரி என்றும் சொல்லிவிட முடியாது. கடைக்காரரின் பதிவுக் கருவி மெதுவாக ஓடியிருந்தால் கேசட் வேகமாகத்தான் ஒலிக்கும். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கு நடந்தது அதுதான். 1959 மார்ச்சில் முதல் அமர்வைப் பதிந்த கருவி மெதுவாக ஓடியது. அதனால் இசைத்தட்டின் முதல் பக்கம் சற்றே சுருதி ஏறி வெளிவந்தது. அன்று கூடவே ஓடிய இரண்டாவது கருவியின் நாடாவைக் கொண்டு 1992இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது ஆண்டுகள் உலகம் கேட்ட 'ஒரிஜினல்' அது. விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளில் அதை ரசித்து எத்தனை பேர் 'துல்லியம்' என்றிருப்பார்கள்!

தமிழில் விமர்சனம் படிக்கிறவர்களுக்கு இந்தத் தகராறு புதிதில்லை. க.நா.சு. தேர்ந்த வாசகனின் ரசனையை நம்பினார், பட்டியல் போட்டார். 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு.செல்லப்பா, பிடித்தது என்றால் போதாது, பிரதியில் எங்கே என்று காட்டு என்றார். நான் செல்லப்பா கட்சி என்றுதான் நினைத்திருந்தேன். சோதனை முடிந்த அன்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அண்ணனின் 9ஐப் பார்த்து. அது அலசலின் சந்தோஷம் இல்லை, மாமாவைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. நிரூபணம் கேட்பவன் கையில் அது தடியாக மாற அதிக நேரம் பிடிப்பதில்லை. எல்லார் ரசனையும் சரி என்று மழுப்புகிறவனோ, சத்தமாகப் பேசுகிறவனிடம் கூட்டத்தை ஒப்படைத்துவிடுகிறான். இரண்டையும் மூன்றே மாதத்தில் செய்து முடித்தேன்.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். 'பிடிச்சிருக்கு' என்று ஒருவர் சொன்னால் யாரும் கேள்வி கேட்பதில்லை. 'இது அதைவிடத் துல்லியம்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு 16 சுற்று. 'வேற மாதிரி இருக்கே' என்று யாராவது சொன்னால், அளந்து பார்க்கும்வரை யாரும் சிரிக்கக் கூடாது. மூன்றாவதை நான்தான் சேர்த்தேன். அண்ணன் முதல் இரண்டை ஏற்க ஒரு மாதம் ஆனது, மூன்றாவதை உடனே ஒப்புக்கொண்டார். 4:20, 4:28 என்று எழுதிய தாளை அவரே மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

கேசட் வேகமா, கோப்பு மெதுவா என்று இன்னும் தெரியவில்லை. இன்னொரு கேசட் கருவியில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்பாவின் பழைய கருவி வீட்டில் இருக்கிறது, உள்ளே பெல்ட் இற்றுப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு மாமா மூன்று கேசட்டோடு வருவதாகச் சொன்னார். ரவாங் அண்ணன் கெர்லிங் போய் அவரைக் காடியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்.