பதுமைகள் கேட்ட கேள்வி

நம் அரசியல் மேடைகளில் கதைக்குப் பஞ்சமே கிடையாது. பேச்சாளர் சோடாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஒரு காட்டிலே ஒரு நரி இருந்தது" என்று தொடங்கினால் போதும், எழுந்து போகிறவன்கூட மறுபடி உட்கார்ந்துவிடுவான். ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது மேடையில் சொன்ன குட்டிக் கதைகளை ஜனங்கள் இன்னும் மறந்துவிடவில்லை. கதை சொல்வதில் குற்றமில்லை. ஆனால் கதை எழுதுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மேடைக் கதையில் நரி எப்போதும் எதிர்க்கட்சிக்காரர். சிங்கம் எப்போதும் பேசுகிறவருடைய தலைவர். பழைய கதைகள் இவ்வளவு சௌகரியமானவை அல்ல. அவை கேட்கிறவனையும் சும்மா விடுவதில்லை.

பஞ்சதந்திரத்தில் வரும் தவளை அரசன் கங்கதத்தனைப் பாருங்கள். பங்காளிகளின் தொல்லை பொறுக்காமல் அவன் கிணற்றை விட்டு வெளியேறி, ஒரு பாம்பைத் தானே அழைத்து வருகிறான். பங்காளிகளை மட்டும் தின்ன வேண்டும் என்பது பேச்சு. பாம்பும் அப்படியே தின்றது. அவர்கள் தீர்ந்ததும், "அழைத்து வந்தவன் நீதானே, இனி எனக்கு இரை எங்கே?" என்று கேட்டது. கடைசியில் அவனுடைய பிள்ளையும் போயிற்று. ஏதோ தந்திரம் செய்து அவன் மட்டும் தப்பினான்.

பாம்பு பொல்லாதது என்று தெரிந்துகொள்ள ஒரு கதை வேண்டுமா? இது பாம்பின் கதையே அல்ல. கிணற்றுக்குள் அதற்கு வழி காட்டியவனின் கதை. 1971-இல் நாடாளுமன்றம் மிசா சட்டத்தைக் கொண்டுவந்தபோது, உள்நாட்டுப் பாதுகாப்புக்கு என்றுதான் சொல்லப்பட்டது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்ததும், அதே சட்டத்தால் எதிர்க்கட்சித் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறை புகுந்தார்கள். 1976 ஜனவரி 31 அன்று இங்கே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு, சென்னை மத்தியச் சிறையும் அந்தக் காட்சியைக் கண்டது. நமக்குப் பிடிக்காதவனை விசாரணையில்லாமல் உள்ளே தள்ளட்டும் என்று கை தட்டுகிறோமே, அப்போதெல்லாம் நாம் பாம்புக்குக் கிணற்றுப் படியைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, உண்மையைத் துணிந்து சொல்ல ஒருவன் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஆண்டர்சன் 1837-இல் வெளியிட்ட அம்மணச் சக்கரவர்த்தியின் கதையை எல்லோரும் அதற்காகத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு குழந்தை உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஊர் முழுவதும் அதைத் திருப்பிச் சொல்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சக்கரவர்த்திக்கும் உண்மை உறைக்கிறது. ஆனாலும் ஊர்வலம் நிற்கவில்லை. அவர் முன்னைவிட விறைப்பாக நடக்கிறார். இல்லாத அங்கியின் தலைப்பைச் சேவகர்கள் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார்கள். உண்மையை ஒரு தடவை சொல்லிவிட்டால் அதிகாரம் வெட்கப்பட்டுத் திரும்பிவிடும் என்று நினைப்பது பேதைமை.

அதனால்தானோ என்னவோ, நம்முடைய விக்கிரமாதித்தன் கதையில் ஒரு குழந்தை போதாமல் முப்பத்திரண்டு பதுமைகளை நிறுத்தியிருக்கிறார்கள். மண்ணிலிருந்து எடுத்த சிம்மாசனத்தில் போஜராஜன் ஏறப் போகிறான். பதுமை தடுக்கிறது: விக்கிரமாதித்தன் செய்தது இது, நீ இப்படிச் செய்ததுண்டா? போஜன் பின்வாங்குகிறான். மறுபடி வருகிறான், அடுத்த பதுமை வாய் திறக்கிறது. கேள்வி ஒரு தடவையோடு ஓய்வதில்லை. போஜனிடம் படை இருந்தது. பதுமைகளை உடைத்தெறிய ஒரு நாழிகை ஆகாது. உடைக்காமல் நின்று கேட்டான் பாருங்கள், அதுதான் அவனுடைய பெருமை. சட்டசபையில் கேள்வி நேரம் என்று ஒன்று வைத்திருப்பதற்கும் இதைவிட வேறு பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்தக் கதைகள் நமக்கு ஒரு கெடுதலும் செய்திருக்கின்றன. விக்கிரமாதித்தன் ஒருவன் வருவான், வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கற்றுக் கொடுத்துவிட்டன. 1955 ஜனவரியில் எங்கள் பக்கத்து ஆவடியில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணி சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் செய்தது. அன்று அது ஒரு மந்திரச் சொல்லாகவே பலர் காதில் விழுந்திருக்கும். 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. எத்தனையோ குடும்பங்களில் அவற்றால் அடுப்பு எரிந்தது. அதை மறுப்பது நன்றி கெட்ட செயல். ஆயினும் அதே தொழிற்பேட்டையில் பெருமழை பெய்தால் இன்றும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. தீர்மானம் மந்திரமல்ல, வாய்க்கால் வெட்டினால்தான் தண்ணீர் ஓடும். கதை பட்டாபிஷேகத்தோடு முடிந்துவிடலாம். அரசியலில் சங்கதியே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஆகவே பழைய கதைகளைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிவிட வேண்டாம். படிக்கும்போது நாம் எந்தப் பாத்திரம் என்பதை மட்டும் சற்று யோசிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்குச் சிம்மாசனம் கிடைக்கப் போவதில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. படியில் நிற்கும் பதுமையின் வேலை நமக்குக் கிடைத்திருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாய் திறந்துவிட்டு மீதி நாளெல்லாம் மரமாக நிற்கிற பதுமையைப் பற்றி எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை.