ஆரம்ப காலத் தமிழ் நாவல்களிற் பெண்கல்வி

தமிழ் நாவலின் தோற்றம் பற்றிப் பேசும் நூல்கள் ஒரு செய்தியைத் தவறாது குறிப்பிடுவதுண்டு. தமிழின் முதல் நாவலெனக் கொள்ளப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) பெண்கல்வியை வலியுறுத்துகின்றது என்பதே அது. இக்கூற்றிற் பிழையில்லை. ஆயின், வலியுறுத்தப்பட்டது எத்தகைய கல்வி, யாருடைய நன்மைக்காக அது வேண்டப்பட்டது, எவ்விடத்தில் அது கிடைக்குமெனக் கருதப்பட்டது ஆகிய வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. ‘பெண்விடுதலை பேசிய முன்னோடி’ என்ற ஒரு தொடரோடு வேதநாயகம்பிள்ளை பரீட்சை விடைத்தாள்களிலிருந்து விடைபெற்றுவிடுகின்றார்.

மாயூரத்தில் முன்சீப்பாகக் கடமையாற்றிய வேதநாயகம்பிள்ளைக்குப் பெண்கல்வி வெறும் பேச்சுப்பொருளன்று. நாவல் வெளிவருவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்னரே ‘பெண்மதி மாலை’ என்ற செய்யுள் நூலையும் பெண்கல்வி பற்றிய உரைநடையையும் அவர் எழுதியிருந்தார். பெண் எழுத்தறிந்தால் ஒழுக்கங்கெடுவாள் என்ற எண்ணம் வேரூன்றியிருந்த சூழலில், நீதிமன்ற உத்தியோகத்தர் ஒருவர் அதனை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார் என்பதை மறத்தலாகாது. அவர் நாவலை இன்றைய அளவுகோல்கொண்டு மட்டும் நோக்குவது நியாயமாகாது. எனினும், அந்நாவல் தன் காலத்திலேயே எதனைக் காணத் தவறிற்று என்று கேட்பது நியாயமே.

நாவலின் தொடக்கப் பகுதி நகைச்சுவை மிக்கது. செல்வர் வீட்டுப் பிள்ளையான பிரதாபனுக்குக் கல்வி ஒரு தண்டனை. பாட்டியின் செல்லத்தாற் கெட்டுப்போகும் அவன் பாடத்திற் பிழைவிடுந்தோறும் அடிவாங்குபவன் உபாத்தியாயரின் மகன் கனகசபை. தாய் சுந்தரத்தண்ணியின் நல்லறிவால் நிலைமை மாறுகின்றது. பிரதாபன் ஞானாம்பாளின் வீட்டில் அவளோடு கூடிக் கற்கின்றான். ஆணொருவன் வேண்டாமென உதறினும் அவனை விடாது துரத்திவரும் கல்வியை ஆசிரியர் அழகாகவே சித்திரித்துள்ளார். ஆனால் அதே வீட்டிற் கற்கும் ஞானாம்பாளுக்கு அக்கல்வி எவ்வாறு கிடைத்தது என்பது கதையில் ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை. செல்வத் தந்தையின் மகள், ஆசிரியர் வீடு தேடி வருவார், தடுப்பாரில்லை. பெண்கல்விக்காக வாதாடும் நாவலில் அக்கல்விக்கான போராட்டம் இடம்பெறவில்லை. பெண்பிள்ளை படியேறிச் செல்லவேண்டிய பள்ளிக்கூடம் என்ற பொதுவிடமும் அதில் இல்லை.

இக்குறைபாட்டின் உச்சத்தை விக்கிரமபுரிப் பகுதியிற் காணலாம். கணவனைத் தேடி ஆணுடையிற் புறப்படும் ஞானாம்பாளுக்குப் பட்டத்து யானை மாலை சூட்டுகின்றது, அவள் அரசனாகின்றாள். நீதி வழங்குகிறாள், சீர்திருத்தங்கள் செய்கிறாள், பிரதாபனைவிடப் பன்மடங்கு திறமையானவளாக விளங்குகிறாள். பெண்ணின் அறிவாற்றலுக்கு இதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும் என்று கேட்போர் உளர். ஆனால் ஆண்வேடம் நீடிக்கும்வரைதான் அச்சான்று செல்லுபடியாகின்றது. வேடங் கலைந்தபின் அவள் அரசைத் துறந்து மனைவியாக ஊர் திரும்புகின்றாள். கற்ற பெண் கற்ற பெண்ணாகவே பொதுவாழ்வில் நிற்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு நாவலிற் கதைவடிவம் கிட்டவில்லை. பழைய நாடோடிக் கதைகளின் யானையும் மாலையும் அந்த இடைவெளியை நிரப்ப அழைக்கப்படுகின்றன. இக்கதை முழுவதையும் கூறுபவன் பிரதாபன் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஞானாம்பாளின் கல்வி, கணவனொருவன் பெருமையோடு எடுத்துக்காட்டும் உடைமையாகவே வாசகரை வந்தடைகின்றது.

அக்காலச் சீர்திருத்தவாதிகளின் வாதமும் இதற்கிசைவானதே. கற்ற தாய் நல்ல பிள்ளைகளை வளர்ப்பாள், கற்ற மனைவி கணவனுக்கு நல்ல துணையாவாள், இல்லறஞ் சிறக்கும். ஆங்கிலக் கல்வி பெற்று உத்தியோகமேறிய புதிய மத்தியதர வர்க்கத்து ஆடவனுக்கு அத்தகைய மனைவி தேவைப்பட்டாள். பழைமைவாதிகளின் வாயடைக்க இவ்வாதம் மிகவும் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இல்லத்தின் நன்மைக்காக வழங்கப்படுவதை, இல்லத்தின் நன்மைக்கு ஊறு நேருமெனத் தோன்றிய கணத்திலேயே நிறுத்திவிடவும் முடியும். உரிமையாகக் கோரப்படாத கல்வியின் அளவைத் தீர்மானிப்பவர் கொடுப்பவரே.

அ. மாதவையாவின் நிலை சற்று வேறுபட்டது. அவருடைய ‘பத்மாவதி சரித்திரம்’ இங்கு விரிவாக நோக்கப்படவேண்டியதன்று. ‘முத்துமீனாக்ஷி’ (1903) முக்கியமானது. பால்ய விவாகத்தையும் விதவைக் கொடுமையையும் சாடும் இச்சிறு நாவல், பிராமணப் பெண்ணொருத்தி தன் வரலாற்றைத் தானே கூறும் முறையில் அமைந்தது. தன் கதையைத் தானே எழுதவல்ல பெண் ஒருத்தி உண்டென்று வடிவமே ஒப்புக்கொள்கின்றது. ஞானாம்பாள் ஆணுடை தரித்தாள். மாதவையா பெண்குரல் தரித்தார். இரண்டாவது வேடம் முதலாவதைவிட உண்மைக்கு அண்மையில் நிற்கின்றது எனலாம்.

இந்நாவல் வெளிவந்த காலத்திலேயே புதுக்கோட்டையில் நிகழ்ந்ததொன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். முத்துலட்சுமி என்ற பெண் அவ்வூர் மகாராசா கல்லூரியிற் சேர விண்ணப்பித்தபோது பெரும் எதிர்ப்பெழுந்தது. ஆண் மாணவர் மத்தியிற் பெண்ணொருத்தி அமர்ந்தால் ஒழுங்கு குலையும் என்றனர் பலர். அவரது தாயார் தேவதாசி மரபினர் என்பதும் எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. மன்னரின் அனுமதியின் பேரிலேயே கல்லூரிக் கதவு திறந்தது. பின்னர் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1912இல் மருத்துவரானார். 1927இற் சென்னைச் சட்டசபையில் அங்கம்பெற்றார். சாதி, பால், நிறுவனம், அரசு அதிகாரம் யாவும் ஒரு கல்லூரி வாயிலில் மோதிக்கொண்ட இவ்வரலாற்றில், நல்ல யதார்த்த நாவலொன்றுக்கு வேண்டிய அனைத்தும் உள்ளன. அந்நாவலை அக்காலத்து எழுத்தாளர் எவரும் எழுதவில்லை. வீட்டின் உள்ளறையைத் தாண்டி வாயிலைக் காணும் பார்வை அவர்களுக்கு வாய்க்காமையே காரணம்.

ஈழத்தில் நிலைமை ஒருவகையில் மாறானது. இங்கு நாவலுக்கு வெகுகாலம் முன்பே பள்ளிக்கூடம் தோன்றிவிட்டது. அமெரிக்க மிஷனார் 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவினர். ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் அது ஒன்று. அதற்கு முந்திய ஆண்டில் ஆடவருக்கென வட்டுக்கோட்டையிற் செமினரி தொடங்கப்பட்டிருந்தது. இவ்விரண்டின் நோக்கங்களையும் ஒப்பிடுவது பயனுடையது. வட்டுக்கோட்டையிற் கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் உயர்நிலையிற் போதிக்கப்பட்டன. உடுவிலிலோ வாசிப்பு, வேதபாடம், தையல், இல்லப்பணி என்பனவே முதன்மை பெற்றன. செமினரியிற் கற்றவருக்கேற்ற கிறித்தவ மனைவியரை உருவாக்குதல் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. கிறித்தவரை மணக்கும் மாணவிக்கு மிஷனே சீதனம் வழங்கியமையும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சீதன வழக்கம் அந்நியப் பாதிரிமாரையும் தன்வழிக்குக் கொணர்ந்த விந்தையை என்னென்பது! எவ்வாறாயினும், பெண்பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறி ஓரிடத்திற் கூடிக் கற்றனர். கொடுத்தவரின் நோக்கம் குறுகியதாயிருப்பினும் விளைவு அந்நோக்கத்தோடு நின்றுவிடவில்லை.

அவ்விளைவுகளுள் ஒன்றாக மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ (1914) நாவலைக் கொள்ளலாம். கிறித்தவக் கல்விச் சூழலில் உருவான இவர் ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியராகக் கருதப்படுபவர். சங்கீதங்களின் மொழியை நினைவூட்டும் தலைப்பும் இடையிடையே வரும் போதனைகளும் நாவலின் சமயச் சார்பைக் காட்டுவன. அவற்றை மட்டும் பார்த்து இதனைப் பிரசார நூலென ஒதுக்கிய விமர்சனம் முழுமையானதன்று. கண்மணி கணவன் அருளப்பாவின் கொடுமையைப் பொறுமையோடு ஏற்கின்றாள். தன் மணவாழ்வைத் தானே தீர்மானிக்க முனையும் பொன்மணி அவளுக்கு எதிர்நிலையில் நிற்கின்றாள். ஆசிரியையின் போதனை கண்மணியின் பக்கம் சாய்கின்றது. கதையின் உயிரோ பொன்மணியிடம் உள்ளது.

வேதநாயகம்பிள்ளையின் வாதத்துக்கு இந்நாவல் தன்னையறியாமலே மறுமொழி கூறுகின்றது. நற்குணமும் பயிற்சியும் உள்ள மனைவி இல்லத்தைச் சிறக்கச் செய்வாள் என்பது முன்னவர் நம்பிக்கை. அத்தகைய மனைவியும் கணவனின் கொடுமைக்கு முன் கையற்று நிற்கின்றாள் என்பதே மங்களநாயகம் காட்டும் யதார்த்தம். தொழிலும் சுயவருமானமும் வெளியேறும் வழியும் தராத கல்வி அவளுக்குச் சகிப்பதற்கான சொற்களை மட்டுமே தந்தது. இதனை ஆடவர் எவரும் அன்று எழுதவில்லை. எழுதக் கற்பிக்கப்பட்ட பெண்ணொருத்தியே எழுதினார்.

சைவர் மத்தியிலும் பெண்கல்வி நிறுவனமயப்பட்டது. சேர். பொன். இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கான கல்லூரியை நிறுவினார். அதே இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு 1927–28இல் இலங்கை வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார். இதனை அவரது தனிப்பட்ட முரண்பாடாகக் கருதுவோர் உண்டு. நாவல்களை மேற்கண்டவாறு வாசித்தவர்க்கு இதில் முரண்பாடு தோன்றாது. நல்ல இல்லத்தரசியை உருவாக்கும் கல்விக்கு வாக்குச்சீட்டு தேவையில்லை. வாக்குரிமை 1931இல் வந்தது. 1945இல் இலவசக் கல்வித் திட்டம் வந்தது. மகளின் கல்விச் செலவை மகனின் கல்விச் செலவோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்த குடும்பங்களில், கட்டணம் நீங்கியமை எந்த நாவலின் போதனையும் செய்யாததைச் செய்தது. இன்று இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் புகுவோருட் பெண்களே பெரும்பான்மையினர். பொறியியற் பீடங்களில் நிலை இன்னும் வேறு.

இலவசக் கல்வி மலையகத்தைச் சென்றடையப் பல்லாண்டுகள் சென்றன. தோட்டப் பாடசாலைகள் பல 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை தோட்ட நிருவாகத்தின் கீழேயே இருந்தன. ஐந்தாம் வகுப்புக்கு மேற் படிக்க விரும்பும் பிள்ளை நகரப் பாடசாலைக்கு நெடுந்தூரம் நடக்கவேண்டும். அப்போது மகனை அனுப்பிய வீடுகள் சிலவாயினும் இருந்தன. மகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு லயத்திலே தங்கினாள். வயது வந்ததும் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தாள். பள்ளி இடாப்பில் வெட்டப்பட்ட பெயர் செக்றோலில் ஏறிய அந்தச் சில ஆண்டுகளை மையமாகக் கொண்டு ஒரு நாவல் எழுதப்படுமாயின், ஞானாம்பாளுக்குத் தேவைப்பட்ட பட்டத்து யானை அதற்குத் தேவைப்படாது.