ஆவணமும் தன்மதிப்பும்

குடிநுழைவு ஆவணம் இல்லாதவனைச் சட்டம் ஒருவகையால் ஒறுக்கிறது. அக்கம்பக்கத்தார் மற்றொரு வகையால் ஒறுக்கின்றனர். இவ்விரண்டினும் கொடியது, அப்புறக்கணிப்புக்குத் தான் தக்கவனே என்று அவன் நம்பத் தொடங்குவதாகும். அந்நம்பிக்கையை வெல்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு, அமெரிக்காவில் ஆவணமின்றி வளர்ந்த எழுத்தாளர் இருவர் ஏறத்தாழ எதிரெதிரான விடைகளைத் தருகின்றனர்.

பிலிப்பைன்சில் பிறந்த ஹோசே அந்தோனியோ வர்காஸ், 1993ஆம் ஆண்டில், 12 வயதில், கலிபோர்னியாவிலிருந்த பாட்டன் பாட்டியரிடம் அனுப்பப்பட்டவர். 16 வயதில் வாகனமோட்டும் உரிமம் பெறச் சென்றவிடத்தில், தம் கையிலிருந்த நிரந்தரவாசி அட்டை போலியானது என்று முகப்பு ஊழியர் கூறக் கேட்கிறார். கடுமையாக உழைத்து உயர்ந்தால் தம்மை எவரும் ஐயுறார், நாடும் தம்மை ஏற்கும் என்ற எண்ணமே அதன்பின் அவரை நடத்துகிறது. 2008இல் வாஷிங்டன் போஸ்ட் குழுவினருடன் புலிட்சர் பரிசும் பெறுகிறார். செய்தி கேட்ட பாட்டியோ, உண்மை வெளிப்பட்டால் என்னாகும் என்றே அஞ்சுகிறார். பேரன் அலுவலகக் கழிவறைக்குள் சென்று அழுகிறார். 2011இல் தம் நிலையைத் தாமே வெளிப்படுத்திய கட்டுரையில் அவர் எழுதியவற்றுள் ஆழமான இடம் இதுவே எனலாம். பரிசு பெற்றவருக்கே வாராத தன்மதிப்பு, பழம் பறித்துப் பிழைப்பவனுக்கு எவ்வழியில் வரும்? வர்காஸ் இவ்வினாவை அறியாதவர் அல்லர். எனினும் அவருடைய ‘டியர் அமெரிக்கா’ (2018) நூலின் நடுவிடத்தில் நிற்பவர் அவரேயாவார்.

எக்குவடோரில் பிறந்த கார்லா கோர்னெஹோ வியாவிசென்சியோ, ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். ஆயினும் ‘தி அன்டாக்குமென்டட் அமெரிக்கன்ஸ்’ (2020) என்னும் தம் நூலில், தம்மைப் போன்று கல்வியால் உயர்ந்தோரை அவர் முன்னிறுத்தவில்லை. ஸ்டேட்டன் தீவில் வேலைக்காகக் காத்து நிற்கும் நாள்கூலிகள், 2001இல் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தபின் இடிபாடுகளைத் துப்புரவு செய்து நோயுற்றோர், முதுமையில் ஓய்வூதியமற்றோர் ஆகியோரையே நாடிச் செல்கிறார். ஆசிரியரின் சினம் சிற்சில இடங்களில் அவர்தம் குரலையே மூடிவிடுகிறது. நேரில் கண்டதும் கற்பனையும் கலக்குமிடங்களில் மாணவர் சற்று விழிப்புடன் படித்தல் வேண்டும். இருப்பினும், விடையின் நேர்மையில் இந்நூலே விஞ்சி நிற்கிறது.

வர்காஸுக்குத் தம் பெயரை அச்சில் காண்பது தாம் இருப்பதற்கான சான்றாயிற்று. கார்லாவோ தம்மிடம் பேசியோரின் பெயர்களை மாற்றியதோடு, அவர்களைப் பற்றிய குறிப்புகளையும் அழித்துவிட்டார். பெயர் மறைந்த அம்மாந்தர் இந்நூலில் சினக்கின்றனர், நகைக்கின்றனர், பொய்யும் சொல்கின்றனர்; தம் தகுதிக்குச் சான்று எதனையும் எவரிடமும் நீட்டவில்லை.