உலகம் முடிந்த பிறகும் ஓடும் வண்டிகள்

பி.டி.ஆர்-60 சோவியத் காலத்து எட்டுச் சக்கரக் கவச வண்டி. அதன் பின்பகுதியில் அருகருகே இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள், ஆளுக்கு இரண்டு அச்சுகளைச் சுழற்றும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றொன்றின் பலத்தில் வண்டி ஊர்ந்தாவது வந்து சேரும். டயரில் ஓட்டை விழுந்தால் ஓட்டுநர் இறங்கத் தேவையில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே காற்றை ஏற்றிக்கொண்டு போகலாம். ஆற்றில் இறக்கினால் நீந்தும். இதையெல்லாம் படித்தபோதே முடிவு செய்துவிட்டேன்: உலகம் முடிந்த மறுநாள் காலை சாலையில் எஞ்சி ஓடப்போவது இந்த வண்டிதான். அதை மினியேச்சராகச் செய்து, பெயின்ட் அடித்து, துருப்பிடிக்கவைத்து என் மேஜைமேல் நிறுத்தியதைப்போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

மினியேச்சர் போர் விளையாட்டு நம் பக்கம் அதிகம் பரவாதது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரத்தில் மனித உருவங்கள், அவற்றுக்குப் பொருந்தும் அளவில் வண்டிகள், இடிந்த கட்டடங்கள். இவற்றை மேஜையில் பரப்பி, டேப் வைத்துத் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுவார்கள். ஆட்டம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் செய்வதும் வண்ணம் பூசுவதும் மாதக்கணக்கில் நீளும். என் மனம் அந்த மாதங்களில்தான் இருக்கிறது.

இந்த விளையாட்டில் ரோமானியப் படையும் உண்டு, நெப்போலியனும் உண்டு, விண்வெளி வீரர்களும் உண்டு. என்னைப் பிடித்துக்கொண்டது பேரழிவுக்குப் பிந்தைய சோவியத் நிலம். அதன் வேர் 1972-ல் இருக்கிறது. அர்க்காதி, போரிஸ் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்கள் அந்த ஆண்டு வெளியிட்ட நாவலில், யாரும் நுழையக்கூடாத ஒரு மண்டலமும், உயிரைப் பணயம் வைத்து உள்ளே போய்ப் பொருள் எடுத்து வருகிறவர்களும் வந்தார்கள். 1979-ல் தார்க்கோவ்ஸ்கி அதை ‘ஸ்டாக்கர்’ என்று படமாக்கினார். ஏழே ஆண்டுகளில், 1986 ஏப்ரல் 26 அன்று, செர்னோபில் அணு உலை வெடித்தது. கற்பனையில் இருந்த மண்டலத்துக்கு முள்வேலியும் சோதனைச் சாவடியும் வந்துவிட்டன. 2007-ல் கீவ் நகரத்து ஜி.எஸ்.சி. கேம் வேர்ல்டு நிறுவனம் நாவலையும் நிஜத்தையும் பிணைத்துக் கணினி விளையாட்டாக்கியது. மேஜையில் ஆடுபவர்களுக்கு, பேட்ரிக் டோடொராஃப் எழுதிய ‘சோனா ஆல்ஃபா’ விதிநூலை 2020-ல் ஆஸ்ப்ரே வெளியிட்டது. சின்னக் குழு, கொஞ்சம் தோட்டா, ஒரு பழைய வண்டி, உள்ளே போய் மீண்டு வரவேண்டும், அவ்வளவுதான் கதை. இதைவிட அருமையான விளையாட்டுக் களத்தை நான் பார்த்ததில்லை.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் குந்தாரப்பள்ளியில் இருந்துகொண்டு சோவியத் வண்டியா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இந்த வேலைக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது.

கூட்ரோட்டில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கிரானைட் பாறையைச் சங்கிலி போட்டுக் கட்டிய டிரெய்லர், மாங்காய் ஏற்றிய லாரி, ஓசூர் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கொண்டுபோகும் கன்டெய்னர், பத்து முறை வெல்டிங் பார்த்த டிப்பர் என்று வரிசையாகப் போகும். பழைய இயந்திரம் எப்படி மூப்படைகிறது என்பதைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அந்தச் சாலை. மாடல் செய்பவர்கள் இந்தக் கலையை ‘வெதரிங்’ என்பார்கள். வெயில், மழை, தூசி, உராய்வு நான்கும் ஒரு வண்டியில் எழுதிவைத்த வரலாற்றைத் தூரிகையால் திரும்ப எழுதுவது அது.

சாலையோரப் பட்டறையில் லாரிக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கும் அண்ணன் ஒருவரிடம், பெயின்ட் எங்கே முதலில் போகும் என்று கேட்டேன். கையில் இருந்த ஸ்ப்ரே கன்னைக் கீழே வைக்காமலே சொன்னார்: “கை படற எடம், கால் படற எடம், அங்கதான் தம்பி மொதல்ல தேயும். ஆனா தண்ணி நிக்கற எடம் வேற. அது உள்ளருந்தே தின்னுட்டு வரும். வெளிய தெரியறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்.”

எத்தனையோ செய்முறை வீடியோக்கள் பார்த்திருக்கிறேன். இந்த நான்கு வரிக்கு அவை ஈடாகாது. அன்றிலிருந்து என் வண்டிகளில் எந்தத் துருவும் காரணமில்லாமல் வருவதில்லை. ஏறும் படி, கதவுக் கைப்பிடி, மேல்மூடியின் விளிம்பு ஆகிய இடங்களில் பெயின்ட் தேய்ந்து இரும்பு வெள்ளியாக மின்னும். தினமும் கை படுவதால் அங்கே துரு தங்காது. மட்கார்டின் உள்மடிப்பு, வெல்டிங் கோடு, தண்ணீர் தேங்கும் மூலைகளில் கறுத்த காவி ஊறி வழியும். சைலன்சர் குழாய் சூட்டில் வெந்து வேறொரு செம்பழுப்பாகும். டீசல் மூடியைச் சுற்றி ஈரக் கறை, அதன்மேல் ஒட்டிய தூசி. சும்மா அழகுக்காக வண்டி முழுக்க ஆரஞ்சு தெளிப்பவர்கள் உண்டு. அது துரு இல்லை, வேஷம்.

செய்முறையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு மாயம் இருக்கிறது. முதலில் வண்டி முழுக்கத் துரு நிறம்: கறும்பழுப்பு, அதன்மேல் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் ஒரு துணுக்கால் ஒற்றியெடுத்த செம்பழுப்பு, கடைசியாகச் சில புள்ளிகள் மட்டும் ஆரஞ்சு. அது காய்ந்ததும் பெண்கள் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரேயை மெல்லிய படலமாக அடிக்க வேண்டும். அதன்மேல் ராணுவப் பச்சை அக்ரிலிக். பச்சை காய்ந்ததும் தண்ணீர் தொட்ட முரட்டுத் தூரிகையால் தேய்த்தால், அடியில் இருக்கும் ஹேர் ஸ்ப்ரே கரைந்து பச்சை செதில் செதிலாக உரிந்துவரும். உள்ளே காத்திருந்த துரு வெளியே தெரியும். அண்ணன் சொன்ன அந்த ‘உள்ளருந்து தின்னுட்டு வர்றது’ கண்முன்னே நடக்கும்! ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கிறது. இந்தக் கரைதல் அக்ரிலிக்கில்தான் நடக்கும், எனாமலைத் தண்ணீர் அசைக்காது.

தூசிக்குக் கடைத்தூள் வாங்குவதில்லை. எங்கள் செம்மண்ணை வேட்டித் துணியில் சலித்தால் முகப்பவுடர் போலக் கிடைக்கிறது. தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் அதைச் சக்கரத்திலும் அடிப்பாகத்திலும் பிடிக்கவைக்கலாம். கீழே அடர்த்தி, மேலே போகப் போக மெலிவு. டயரைக் கறுப்பாக விட்டுவிட்டால் வண்டி எங்கேயும் ஓடாத வண்டியாகிவிடும்.

வண்டிகளுக்கான உடம்பு எங்கிருந்து? ரஷ்யாவின் ஸ்வெஸ்தா போன்ற நிறுவனங்களின் பிளாஸ்டிக் கிட்கள் அற்புதமானவை. ஆனால் எனக்கு அதைவிட உவப்பானது, கடையில் வாங்கிய செண்டி டாய்ஸ் லாரியை அறுத்து இன்னொன்றாக்குவது. பேனா ரீஃபில் புகைக்குழாயாகும், கொசுவலை ரேடியேட்டர் கிரில்லாகும், பழைய கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் வின்ச் ஆகும். எம்-சீலின் இரு பகுதிகளையும் பிசைந்து, டால்கம் பவுடர் தூவித் தட்டையாக உருட்டி, இறுகுமுன் வண்டிமேல் போர்த்தினால் அசல் தார்ப்பாய். மடிப்புகூட அப்படியே விழும். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

செர்னோபில் வண்டிகளைப் படங்களில் உற்றுப் பார்த்தபோதுதான் ஈயத்தின் கதை தெரிந்தது. கதிர்வீச்சைத் தடுக்க, அங்கே வேலை செய்த வண்டிகளில் ஈயத்தகடுகள் பொருத்தினார்கள். டி-72 டாங்கியின் உடலில் கட்டிய ஐ.எம்.ஆர்-2 பொறியியல் வண்டிகள் அப்படிக் கவசம் போட்டுக்கொண்டு உலையை நெருங்கின. வேலை முடிந்த லாரிகள், தீயணைப்பு வண்டிகள், ஹெலிகாப்டர்களையெல்லாம் கழுவிச் சுத்தமாக்க முடியாமல் ரஸ்ஸோகா என்ற இடத்தில் வரிசை வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்கள். அந்தப் படங்களை எத்தனை முறை பார்த்தாலும் போதவில்லை. பிரியாணிப் பார்சல் வரும் அலுமினியத் தட்டை வெட்டி, என் வண்டிகளின் ஓட்டுநர் பக்கத்தில் ஒட்டுத்தகடாக ஒட்டி, மங்கிய சாம்பல் பூசுகிறேன். நேர்த்தியில்லாத அந்தத் தகடு உள்ளே உட்கார்ந்திருந்தவரின் பயத்தைக் காட்டிவிடுகிறது.

சோவியத் இயந்திரம் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். நம் பெரியவர்கள் வீட்டில் ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழப்பான தாளில் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட்டிருக்கிறார்கள். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் என்.சி.பி.எச். கடைகளில் மலிவாகக் கிடைத்தன. சென்னையை ஒட்டிய ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் டி-72 டாங்கிகள் ‘அஜேயா’ என்ற பெயரில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகளால் உருவாயின. 1971-ல் கரீப்பூர் சண்டையில் நம் படை ஓட்டிச் சென்றது சோவியத் பி.டி-76. எல்லாவற்றுக்கும் மேல், எங்கள் ஓசூரிலேயே காமாஸ் லாரி பூட்டியிருக்கிறார்கள்! 2010 வாக்கில் ரஷ்யாவின் காமாஸ், வெக்ட்ரா நிறுவனத்துடன் சேர்ந்து இங்கே கூட்டு நிறுவனம் நடத்தியது. நாபெரெஷ்னியே செல்னி நகரில் 1976-ல் முதல் லாரி வெளிவந்த அதே காமாஸ். அந்தச் சதுர முகத்தை மினியேச்சரில் செதுக்கும்போது பக்கத்து ஊர்க்காரனைச் செதுக்கும் உரிமை எனக்கு வந்துவிடுகிறது.

நிலப்பரப்புக்கும் நான் தூரம் போகவேண்டியதில்லை. வேப்பனப்பள்ளி வழியாக எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம், கொஞ்ச தூரத்தில் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்து, 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய், 2001-ல் எல்லாம் நின்றுபோன ஊர். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சுரங்கத்துக்கு உழைப்பைக் கொடுத்திருக்கின்றன. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் இன்னும் வெளிறிய குன்றுகளாக நிற்கின்றன. மழைநீர் அறுத்த வரிகள் அவற்றின் உடம்பெங்கும். அந்த மண்ணை நான் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. நிறத்தையும் வரிகளையும் மட்டும் மனத்தில் பதித்து வந்து, தெர்மக்கோலை வெட்டி, பட்டி பூசி, வெளிறிய மஞ்சள்-சாம்பல் அடித்தேன். சுரங்கவாயில் இரும்புக் கோபுரத்தை ஐஸ்குச்சியாலும் கம்பியாலும் கட்டினேன். என் மண்டலத்துக்கு, செர்னோபிலை ஒட்டிய ப்ரிப்யாத் நகரத்துப் பலகைகள் இருக்கின்றன, நிலம் மட்டும் கோலாருடையது. இரண்டும் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன என்று பார்க்கப் பார்க்க ஆச்சரியம் தீரவில்லை.

மனித உருவங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். ஜி.பி-5 என்ற வெளிர்சாம்பல் ரப்பர் முகமூடி, அதன் இரண்டு வட்டக் கண்ணாடி. முகம், உடை, பை எல்லாவற்றையும் மங்கலாகப் பூசி முடித்து, கடைசியில் அந்த இரண்டு கண்ணாடிக்கு மட்டும் கறுப்பும் ஒரு துளி வெள்ளையும் வைத்து, பளபளக்கும் வார்னிஷ் தொட்டுவிட வேண்டும். பொம்மை உடனே நம்மைப் பார்க்கத் தொடங்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் இதைச் செய்ய முயலாதீர்கள். கண் முக்கியம்.

ஆட இங்கே பெரிய கூட்டமில்லை. பெங்களூரிலிருந்து ஒரு நண்பர் வருவார், ஓசூர் தொழிற்சாலையில் சி.என்.சி. மெஷின் ஓட்டும் தம்பி ஒருவன் ஷிஃப்ட் முடிந்து வருவான். அவன் மெஷினில் உலோகத்தைச் சீவுகிறவன், அதனால் என் வண்டிகளில் நட்டு போல்ட் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று அவன் சொல்வதே தீர்ப்பு. “அண்ணா, இந்த போல்ட் தலை லாரி சக்கரத்துக்குப் பெருசு” என்றான் என்றால் கழற்றிவிடுவேன்.

அடுத்த வண்டியை இப்போதே ஆரம்பித்துவிட்டேன். குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கூடும் வாரச்சந்தை ஆட்டுக்குப் பேர்போனது. விடிவதற்கு முன்னாலேயே வண்டி வண்டியாக ஆடுகள் வந்திறங்கும். உலகம் முடிந்தாலும் ஆட்டுச்சந்தை நிற்காது என்பது என் நம்பிக்கை, எனவே மண்டலத்திலும் ஒன்று வேண்டும். அதற்காக ஒரு ஜில்-131, ஆறு சக்கரமும் இழுக்கும் சோவியத் லாரி. கேபினுக்கு ஈயத்தகடு, பின்னால் இரண்டு அடுக்கு மரத்தட்டி, மேலே கிழிந்த தார்ப்பாய், பக்கவாட்டில் தழைக்கட்டு. ஆடுகளை எம்-சீலில் செய்கிறேன். எல்லாம் ஒரே திசை பார்த்தால் பொய்யாகிவிடும் என்பதால், போன சந்தையில் லாரித் தட்டியோரம் நின்று எந்த ஆடு எப்படித் தலையை நீட்டுகிறது என்று குறித்துக்கொண்டு வந்தேன். தட்டியின் மேல் கட்டையை ஆடுகள் கடித்த இடத்தில் பெயின்ட் இருக்காது. அங்கே வெள்ளை மரம் தெரியவேண்டும், விளிம்பு நார் நாராக. அதை ஊசியால் கீறிக்கொண்டிருக்கிறேன்.